விரிப்பின் மறுமுனை

விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் விழித்துவிடும். மேலே வார்டுகளில் நோயாளிகள் சற்றே கண்ணயரும் நேரத்தில், அவர்களுடைய இரத்தமும் சீழும் வியர்வையும் மூட்டை மூட்டையாகக் கீழே வந்து விழும். ஈர விரிப்பைத் தொட்டியிலிருந்து இழுத்தால் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருக்கும். உலர்ந்த பிறகு மடிக்க இருவர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து முனையை ஒப்படைக்க வேண்டும். ஊர்வம்பு, கைவைத்தியம், மாமியார் புராணம் எல்லாம் அந்த நாலு எட்டில்தான் அரங்கேறும்.

மடிப்புக்காரி மட்டும் இப்போது தனியாக மடிக்கிறாள். மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, தானே போய்த் தானே வருகிறாள்.

இந்தக் கூடத்தின் ஈரத்தரையில்தான் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் மேலே, இதே ஆஸ்பத்திரியில். எலும்பு கூடியது, தையலில் சீழ் வைத்தது. லேசில் மருந்துக்கு மசியாத கிருமி என்றார்கள். தனி அறையில் போட்டு, கதவில் மஞ்சள் அட்டை மாட்டினார்கள். யார் உள்ளே வந்தாலும் முதலில் வாசலில் கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் கேட்கும். சடக். அங்கே கிடந்த காலமெல்லாம் ஒரு வெறுங்கை அவள்மேல் படவில்லை. மகள்கூடக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கையாட்டிவிட்டுப் போனாள்.

குணமாகிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். உடம்பு கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. வீட்டில் தனித் தட்டு, தனிப் படுக்கை. மகள் சீப்பை நீட்டினால் "நீயே வாரிக்கம்மா" என்று இவள் சமையலறைக்குள் ஒதுங்கிவிடுவாள். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிற்று. கணவன் தாழ்ப்பாள் போட்டாலும் அந்தக் கையுறைச் சத்தம்தான் காதில் விழும். மஞ்சள் அட்டையை யாரோ தன் முதுகில் மாட்டி அனுப்பிவிட்டதாகவே அவளுக்குத் தோன்றும்.

அன்று காலை காண்ட்ராக்டர் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"ஆபரேஷன் வார்டுல மறுபடியும் ரெண்டு பேருக்குத் தையல்ல சீழ். ஆபீஸ்ல என்னை வறுத்து எடுக்கிறாங்க. யாரும்மா இங்க அந்தக் கிருமிக்காரி?"

அவர் கண் ஜன்னலோரம் போய் நின்றது.

"நீதானா? இன்னையோட நின்னுக்க. உன் கை பட்ட துணி இனிமே மேல போகக் கூடாது."

கொடுமை என்னவென்றால், அவர் சொல்வதற்கு முன்பே அவள் மனசு அதைச் சொல்லிவிட்டிருந்தது. மேலே அந்த இருவரும் சடக் சத்தத்துக்குப் பயந்து சுவரைப் பார்த்துக் கிடப்பது கண்ணெதிரே தெரிந்தது. நான்தான் செய்துவிட்டேன் என்று நினைத்தபடி கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"இருக்கா!" என்றாள் வாயாடி. மனசில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாததால் வந்த பட்டப்பெயர் அது. "சார், சீழ்த்துணியெல்லாம் சிவப்புப் பையில வரும். தனியாத்தான் அவிச்சுக்கிட்டு இருந்தோம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அலசச் சொன்னது யாரு?"

"பாய்லர் குடிக்கிற டீசல் என்ன விலை தெரியுமா உனக்கு?"

"வெதுவெதுன்னு இருந்தாப் போதும்னு சொன்னீங்க," என்றார் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன். "அந்தத் தண்ணியில என் சட்டை அழுக்கே போகாது சார்."

"அக்கா விழறதுக்கு முந்தியே ஆரம்பிச்ச கூத்து இது," என்றாள் வாயாடி. அவள் குரல் இறங்கியது. "அவ படுத்திருந்த விரிப்பும் நம்ம கையால போனதுதான். அவ எங்க கிருமியைக் கொண்டுவந்தா? நாமல்ல அவளுக்கு அனுப்பியிருப்போம்."

ஒவ்வொருவரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டீசல் மிச்சமானது அவருக்கு, தூக்கம் போனது இவளுக்கு.

"வேலையைப் பாக்கறீங்களா, வேற ஆளைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"பாக்கறோம் சார். இனிமே வெந்த துணிதான் மேல போகும். வேகாதது ஒண்ணுகூடப் போகாது. அக்காவும் எங்கயும் போகமாட்டா," என்றாள் வாயாடி.

பாய்லர் அண்ணன் எழுந்து போய் நெருப்பை முழுசாகத் திறந்துவிட்டார். மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளை ஆளுக்கொரு கட்டாக எடுத்துத் திரும்பத் தொட்டிக்குள் போட்டார்கள்.

"ஆபீஸுக்குப் போய்ட்டு வரேன். நாளைக்கு இந்த வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு பாக்கலாம்," என்று காண்ட்ராக்டர் கிளம்பினார். சொன்னதைச் செய்யக்கூடிய ஆள்தான்.

ஆவி கூரையை முட்டியது. முதல் விரிப்பு உலர்ந்து வந்ததும், மடிப்புக்காரியின் கை பழக்கத்தில் ஜன்னல் கம்பியைத் தேடியது.

"அந்தக் கம்பிகிட்ட அப்படி என்னக்கா ரகசியம் பேசுவ?" வாயாடி மறுமுனையைப் பறித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. நீ பிள்ளைக்காரி."

"நாங்களா உன்னை ஒதுக்கினோம்? குணமாகித் திரும்பி வந்த அன்னைக்கே நீதான் கம்பியில கட்டிக்கிட்ட. உனக்குத்தான் எங்களைப் பிடிக்கலையோன்னு நாங்க தள்ளி நின்னோம். வா, இழு."

இழுத்தார்கள். உதறினார்கள். எதிரெதிரே நடந்தார்கள். வாயாடி துணியோடு சேர்த்து அந்த வெடித்த விரல்களையும் பிடித்துக்கொண்டாள். சூடான வெறுங்கை. மடிப்புக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள். சாயங்காலம் மகளுக்குத் தலைவாரிவிட இந்தக் கை துணியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே காண்ட்ராக்டரின் வண்டி திரும்பி வந்து நின்றது. கதவைச் சாத்தும் சத்தம். சடக்.

அவள் கண் ஒருமுறை வாசல் பக்கம் போய் வந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த விரிப்பை எடுடி," என்றாள்.