ரெஜ் தட்டிய சுவர்

அப்பா சுவரைத் தட்டுகிறார் என்று ஜெனீன் ஆக்ராய்டு தொலைபேசியில் சொன்னாள். எந்தச் சுவரை என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தச் சுவரா இருந்தா என்ன? தெனமும் மத்தியானம் தட்டுறார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. அம்மா பாதியா எளைச்சுட்டாங்க. அவரை அமைதியா வெக்க ஏதாவது மாத்திரை கெடைக்குமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

என் பெயர் ஹெதர்; மறதி நோய் நுழைந்த வீடுகளுக்கென்றே இருக்கும் செவிலி. ஊசி போடுவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை. ஒருவருக்கு மறதி வந்தால் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. வட இங்கிலாந்தின் டாட்மர்டனிலும் அதையடுத்த பள்ளத்தாக்கு ஊர்களிலும் என் கார் நிற்காத தெரு குறைவு.

"மாத்திரையப் பத்தி அப்புறம் பேசலாம். வியாழக்கிழமை வரேன்" என்றேன்.

கதவைத் திறந்தவர் ஜெனீனின் அம்மா ஏவ்ரில். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார்.

"உள்ள வா கண்ணு. தொப்பலா நனைஞ்சிருக்கியே. கோட்டைக் கழட்டி ஹீட்டர் மேல போடு."

முன்னறையில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோரமாக ரெஜ் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சவரம் செய்த முகம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ் போயிடுச்சா?"

"அடுத்தது வரும், ரெஜ்."

"அப்ப டீ குடிக்க நேரம் இருக்கு" என்றார்.

வழக்கமாகப் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். சிறுநீரில் கிருமி இல்லை. பல்வலி, மலச்சிக்கல் இல்லை. புது மருந்து எதுவும் ஆரம்பிக்கவில்லை. மதிய இடைவேளையில் வந்த ஜெனீனிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

"அப்பா வாழ்க்கை பூரா சுவருக்குப் பூச்சு வேலை பாத்தவர். பழைய வீட்டுக்குப் போனா முதல்ல சுவரைத் தட்டிப் பாப்பார். உள்ள பொள்ளல் இருந்தா சத்தம் மாறுமாம். அதைத்தான் இப்பவும் செய்யறார்."

கேட்டதும் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தபால்காரராக இருந்த ஒருவர், தினமும் எதிர்வீட்டுக் கதவில் பழைய செய்தித்தாளைச் செருகிவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ரெஜ்ஜுக்கென்று ஒரு பலகையும் கொஞ்சம் பூச்சுக் கலவையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். ஜெனீன் உற்சாகமாக வாங்கி வந்தாள். ரெஜ் பூச்சுக் கரண்டியைக் கையில் வாங்கி, பலகையை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"யாரோ மோசமாப் பூசியிருக்கான்" என்றார். கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய், பக்கத்து வீட்டோடு ஒட்டிய அதே சுவரை மறுபடியும் தட்டினார். தட்டி முடித்துத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

அன்று வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இத்தனை சுவர் இருக்க, அந்த ஒன்றை மட்டும் ஏன்? பொள்ளல் தேடுகிறவர் தட்டும்போதே காது கொடுப்பார். இவர் தட்டி முடித்த பிறகல்லவா தலையைச் சாய்த்துக் கேட்கிறார்?

அடுத்த முறை அவர் தட்டும் நேரத்துக்கே போனேன். ஏவ்ரில் சமையலறையில் இருந்தார். நான் ரெஜ்ஜுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மழை நின்றிருந்தது. அவர் கை மடியில்தான் இருந்தது. சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் மெதுவாக, டொக், டொக், டொக்.

ரெஜ் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி அதே எண்ணிக்கையில் தட்டினார். பிறகு காத்திருந்தார். மறுபடியும் அங்கிருந்து வந்தது.

"யாரு ரெஜ் அது?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆனா மரியாதை தெரிஞ்ச ஆளு. நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கான் பாரு."

சமையலறைக்கு ஓடினேன். ஏவ்ரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. தேநீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாஸரில் அவருடைய காது மெஷின் கிடந்தது. தோளைத் தொட்டதும் திரும்பினார். என் பார்வை போன இடத்தைப் பார்த்து அவர் முகம் சிவந்தது. மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மத்தியானம் ஆனா கழட்டி வெச்சுடுவேன். அதே கேள்விய அவர் கேட்டுக்கிட்டே இருப்பார். ஒருநாள் கத்திட்டேன். அதுக்கப்புறம்தான் இப்படி. ஜெனீன்கிட்ட சொல்லிடாத."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தோட்டத்துக் கொட்டகைல போய்க் காரணமே இல்லாம ஆணிய எண்ணுவார். இன்னொருத்தங்க குளியலறையத் தாழ் போட்டுக்குவாங்க. நீங்க காதைக் கழட்டுறீங்க. கத்தறத விட இது மேல், ஏவ்ரில். அதை விடுங்க, இப்ப வந்து கேளுங்க."

முன்னறை வாசலில் நின்று கேட்டார். அந்தப் பக்கம் தட்டியது. ரெஜ் தட்டினார். ஏவ்ரில் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இவர் சும்மா தட்டல" என்றார். "பதில் சொல்றார்."

பக்கத்து வீட்டில் இருப்பவர் பாலின் ஸ்டெட். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்து ஓய்வு பெற்றவர், தனியாள். நான் விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கால் முட்டி ஆபரேஷன் ஆச்சு. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டுக் காலைப் பின்னால தூக்கச் சொன்னாங்க. தூக்குறப்பல்லாம் குதிகால் சுவத்துல இடிக்கும். ஒருநாள் சுவரு திருப்பித் தட்டுச்சு. எலின்னா இவ்ளோ ஒழுங்காத் தட்டுமா? ஏவ்ரில்தான் வெளையாடறாளோன்னு நெனச்சேன். முட்டி எப்பவோ சரியாப்போச்சு. ஆனாலும் மத்தியானம் ஆனா மரக்கரண்டியோட வந்து நின்னுடறேன்." கொஞ்சம் தயங்கினார். "ரெஜ்ஜா அது? அவருக்கு ஒண்ணுமே புரியலன்னு சொன்னாங்களே."

ரெஜ்ஜையும் பாலினையும் ஒன்றாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அது என் யோசனைதான், சொதப்பியது. பாலின் இஞ்சிக் கேக்கோடு வந்தார். வானிலை, முட்டி, பூனை என்று பேசிப் பார்த்தார். ரெஜ் மரியாதையாகத் தலையாட்டினார். நடுவில் எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அவர் முகம் வாடியது.

"இன்னிக்கு ஆள் இல்ல போலிருக்கு" என்று பாலினிடமே சொன்னார்.

பாலின் கோப்பையை வைத்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல், புது முட்டியோடு மழையில் ஓடினார். சற்று நேரத்தில் சுவர் தட்டியது. ஏவ்ரில் அன்று சிரித்ததுபோல் நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட இப்படி ஒரு பேச்சு பேசி எவ்ளோ காலமாச்சு தெரியுமா? நான் எதிர்ல உக்காந்தா என்னைத் தாண்டிப் பாக்கறார்." சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹெதர், அந்தப் பக்கம் நான் போய்த் தட்டினா?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது.

அடுத்த வாரம் நான் ரெஜ்ஜோடு இருந்தேன். ஏவ்ரில் பாலின் வீட்டுக்குப் போனார். சுவர் தட்டியது, ஒழுங்கில்லாமல், பயந்து பயந்து. ரெஜ் கையை உயர்த்தி, பாதியில் நிறுத்தினார்.

"இது வேற ஆளு" என்றார்.

"யாருன்னு தெரியுதா?"

"புதுசு. பயப்படுது."

உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு ஒரே ஒரு தட்டு, மெதுவாக. அந்தப் பக்கமும் ஒன்று வந்தது. அவர் இரண்டு தட்டினார். அந்தப் பக்கமும் இரண்டு. அவசரப்படாமல், அந்த ஆள் தடுமாறினால் நின்று காத்திருந்து, தேநீர் ஆறிப்போகும் வரை தட்டிக்கொண்டிருந்தார்.

ஏவ்ரில் திரும்பி வந்தபோது அவருடைய விரல் முட்டியும் சிவந்திருந்தது. கோட்டைக் கழற்றாமலே கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்காகக் காத்திருந்தார், ஹெதர்" என்றார்.

அந்தக் குளிர்காலம் அப்படியே போனது. சில மத்தியானங்களில் பாலின் தட்ட, ஏவ்ரில் மாடியில் போய்த் தூங்கினார். சில நாள் ஏவ்ரில் தட்ட, பாலின் ரெஜ்ஜோடு இருந்தார். ஜெனீன் சுவரில் ஒரு மெத்தைத் துணியை ஒட்டினாள். ரெஜ்ஜின் கைத்தோல் ஆறியது. அவள் பிறகு மாத்திரையைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்பு ரெஜ் தட்டுவதை நிறுத்திவிட்டார். இங்கிருந்து பதில் இல்லாமல் பாலின் பல நாள் தட்டிப் பார்த்தார். ரெஜ்ஜுக்கு அது நினைவிலேயே இல்லை. தேடித் தவித்தது ஏவ்ரில்தான். அந்த வாரம் நான் அடிக்கடி போனேன். பெரிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் அழுதபோது கூட இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஏவ்ரிலே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஏதோ மாறியிருந்தது.

"ஜன்னல் கண்ணாடில ஆவி படிஞ்சா அவர் வெரலால எதையோ வரையறார். தெனமும் ஒரே மாதிரி இல்ல."

"வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. நானே நாற்காலியப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஏதாவது புரிஞ்சா சொல்றேன்" என்றார் ஏவ்ரில்.