ஏழு தகப்பன்மார்

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் நாலு மருத்துவமனைகளின் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட புது வைரஸ், அதன் குணத்தைக் கண்டறிய வேண்டிய பெர்மெத்தின் உயிரை மூன்று நாளாக வாங்கிக்கொண்டிருந்தது. தனிக் கணினியில் அதை ஓடவிட்டாள். அது உடனே கோப்புகளைத் தொடவில்லை. எதையோ தேடியது. கிடைக்காத பிறகுதான் பூட்டியது.

"என்னம்மா தேடுது, சாவியத் தொலைச்ச கிழவி மாதிரி?" என்றார் குழுத் தலைவர் குபாத்.

"ஏதோ பட்டியல் அண்ணே. அது இருக்கிற கம்ப்யூட்டர விட்டுட்டுப் போயிடுது."

"அப்ப செஞ்சவன் தன் வீட்டுக்குத் தாயத்து கட்டியிருக்கான். கண்டுபிடி. எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டிடலாம். போலீசுக்கும் ஒரு நகல்."

மதியம் பட்டியல் அகப்பட்டது. ஏழு பெயர்கள். தகப்பன் வழியில் ஏழு தலைமுறையை ஒப்பிக்காத கிர்கிஸ் பிள்ளை உண்டா? திருடன் நம்ம ஊர்க்காரன்தான் என்று சிரிக்கப் போனவள் இரண்டாவது பெயரில் நின்றாள். ஜுமாதில். அவளுடைய அப்பா. அடுத்தது தாத்தா. கடைசி வரை வரிசை பிசகவில்லை.

முதல் பெயர் எர்மெக். அவள் அண்ணன்.

ஆறு வருடம் முன்பு மாஸ்கோவிலிருந்து, திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு கல்யாணமாகாத எர்மெக்கின் சவப்பெட்டி வந்தது. புதைத்து, நாற்பதாம் நாள் சாப்பாடும் போட்டாயிற்று. இந்த வைரஸ் எழுதப்பட்டதோ போன மாதம். தன் பெயரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தகப்பன் பெயர் முதலில் வரும்.

பாவி, உயிரோடிருக்கிறான். பிள்ளையும் இருக்கிறது. அப்படியானால் அன்று அழுது புதைத்தது யாரை?

"பெர்மெத், அஞ்சாவதும் போச்சு! பிரசவ ஆஸ்பத்திரி. கெடச்சுதா இல்லியா?" என்று கத்தினார் குபாத்.

கிடைக்கவில்லை என்று சொன்னால் அண்ணன் தப்புவான். அந்தப் பொய் அவள் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஏழு பெயரையும் அறிக்கையில் தட்டி அனுப்பினாள், எர்மெக்கில் தொடங்கி.

பிறகு வீட்டுக்கு போன் செய்தாள். அன்று வியாழக்கிழமை. மணமாவது செத்த மகனுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆறு வருடமாக அம்மா எண்ணெயில் மாவு பொரிக்கும் நாள்.

"அம்மா, இன்னிக்கு அண்ணனுக்கு எண்ணெய் வைக்காதீங்க."

"ஏண்டி? புள்ள பசியோட காத்திருப்பானே."

"வேணாம்மா... சொன்னாக் கேளுங்க."

போனுக்குள் எண்ணெய் சடசடவென்று பொரிந்தது.

"மொத ஈடு போட்டுட்டேனேடி" என்றாள் அம்மா.