விரியன் ஓடைக்கு ஓர் ஆள் குறைவு

என் கணவர் தேவராஜ் எதற்குமே முடியாது என்று சொல்ல மாட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். ஆளைப் பைத்தியமாக்க அது ஒன்றே போதும். பர்மாக்காரர்கள் இதை ஆனாடே என்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று கூசி, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தலையாட்டுவது. நாங்கள் நான்கு தலைமுறையாக யாங்கோனில் இருக்கிறோம். காலையில் தின்னும் மீன்சாற்று நூடுல்ஸ் மோஹிங்காவை எடுத்துக்கொண்ட மாதிரி இதையும் எடுத்துக்கொண்டோம். மோஹிங்காவோடு நிறுத்தியிருக்கலாம்.

விரியன் ஓடைக்குள் நடக்கப் போகலாம் என்று நான் சொன்னபோதும், “ஆகட்டும் மஞ்சு” என்றார். உண்மையிலேயே ஆகட்டுமா, வாய்க்கு வந்த ஆகட்டுமா என்று யாருக்குத் தெரியும்?

கோவிட் வருவதற்கு முந்தைய வருடம் அது. ஓடை இருப்பது போப்பா மலைக்குத் தெற்கே, மழை அதிகம் எட்டிப் பார்க்காத வறண்ட சீமையில். பெயர்தான் ஓடை. மழைக்காலத்தில் திடீரென்று வெள்ளம் பாயும், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். இரண்டு பக்கமும் மண்பாறை சுவர் மாதிரி நிற்கும். உள்ளே பாதை கிடையாது, போன் எடுக்காது. கண்ணாடி விரியன் மட்டும் தாராளமாக உண்டு. அந்தச் சீமைக்குத் துணி வியாபாரத்துக்குப் போய்வந்த தன் வாப்பா சொன்ன கதைகளை ஜஸீலா என்னிடம் சொன்னாள். கியாக்டடாவில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் அவள் எனக்கு அடுத்த மேசை. அவளும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு ஏன் இந்த வேலை? இரண்டு வருடம் முன்பு ஆற்றுக்கு அக்கரையில் டாலா படகுத்துறையில் மழையில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, நடந்தேன், இனி ஓடவே ஓடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில்தான் யாரும் நம்பவில்லை. சூலே பக்கம் பஸ் ஏறினால் தேவராஜ் முழங்கையைப் பிடிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் நாற்காலி வந்து நிற்கும். நாற்பத்தாறு வயதில் என்னை ஊறுகாய் ஜாடி மாதிரி கைபடாமல் வைத்திருந்தார்கள். பாதையே இல்லாத ஓர் இடத்தில் நான் என் காலில் நடந்து மறுபக்கம் வர வேண்டும், அதைத் தேவராஜ் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழிகாட்டியாகக் கிடைத்தவர் கோ ஸோ மின், அந்த ஊர்ப் பனையேறி. போனில் தேதி கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார், அவருக்கும் ஆனாடே. சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன். அதை விட்டால் அவர் முழுநேரமும் பனை மேல்தான் இருப்பார். பிறகு தண்ணீர்த் திருவிழா, பிறகு மழை. இந்த வருடத்துக்கு அந்த ஒரு ஞாயிறுதான்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். தேவராஜ் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக். தடித்த கேன்வாஸ் துணியில் பூட்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ள உறை தைத்துக்கொண்டு வந்தார். மூன்று ஜோடி. மூன்றாவது அவருடைய அளவு. அதைப் பார்த்துத்தான் இந்த ஆகட்டும் உண்மை ஆகட்டும் என்று நம்பினேன்.

ஜஸீலாவோடு பட்ட பாடு தனி. விஷமுறிவு மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்றாள்.

“உனக்கு ஊசி போடத் தெரியுமாடி?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. கடிபட்டவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாப் பத்தாதா?”

“கடிச்சா அசையாமப் படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும். கடிக்காம இருக்கணும்னா பாக்காத எடத்துல காலும் வெக்கக் கூடாது, கையும் வெக்கக் கூடாது. இதைத்தானே படிச்சுப் படிச்சுச் சொல்றேன்!”

“அப்ப நான் கட்டிக்கிட்டு வர்ற பிரியாணியை எங்க வெச்சுத் திங்கிறது?” என்றாள்.

இவளை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் படகேறி டாலாவுக்குப் போய், பூட்ஸும் உறையும் மாட்டி, அறுத்த வயல்களில் வரப்பை விட்டு விலகி நடந்து பழகினேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு. டாலாவிலிருந்து திரும்பி, மீன்குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இருட்டும் நேரத்துக்குத் தேவராஜ் வந்தார். மஞ்சள் லுங்கி. காலில் செருப்பு இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த கயிறு.

“இது என்ன?”

“காப்பு.”

“காப்புன்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?”

“பூ மிதிக்க வேண்டியிருக்கு மஞ்சு. பழைய வேண்டுதல்.”

“எப்ப?”

“வர்ற ஞாயித்துக்கிழமை.”

எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பேட்டை மாரியம்மன் கோயில் தீமிதி என்றைக்கு வருகிறது என்று பார்க்காமல் நாள் குறித்தது என் தப்புதான். ஆனால் இவர் மிதிப்பார் என்று நான் கண்டேனா? காப்புக் கட்டியவர் செருப்புப் போடக் கூடாது, தீமிதி முடியும் வரை ஊர் எல்லை தாண்டிப் படுக்கக் கூடாது. வெறுங்காலோடு விரியன் ஓடையில் இறங்கவா முடியும்?

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாம மாரியாத்தாளை இழுத்துட்டு வந்து குறுக்க நிறுத்தியிருக்கீங்களே! இது உங்களுக்கே அடுக்குமா? அவகிட்டயுமா ஆனாடே?”

“மோர் இருக்கா?” என்று கேட்டார். விரதக்காரர் மீன் தொட மாட்டார். அந்தச் சட்டி மீன்குழம்பை நான் ஒருத்தியாகவே தின்று தீர்த்தேன், ஒவ்வொரு கவளத்துக்கும் அவரை வைதுகொண்டு.

மறுநாள் ஆபீசில் ஜஸீலாவிடம் சொன்னேன்.

“நாம ரெண்டு பேரும் போவோம்,” என்றாள். “அண்ணன் வரலேன்னா ஓடை மூடிக்கிடுமா?”

“அவர் பாக்கணும்டி. அவர் பாக்காம நான் நடந்தா என்ன, நடக்காட்டி என்ன?”

சொன்ன பிறகுதான் எனக்கே அது எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. இரண்டு வருடமாக என்னைத் தாங்கித் தாங்கி நடத்தியவர், யாரும் தாங்காமல் நான் நடக்கப் போகும் ஒரு நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் தேறாது என்று முடிவு கட்டிவிட்டார். அதைச் சொல்லக் கூசி அம்மனைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மதியம் கோ ஸோ மின் போன் செய்தார்.

“அக்கா, மாட்டு வண்டி வேண்டாம்னு அண்ணன் சொன்னாரே, அது உறுதிதானே? வேற ஒருத்தர் வண்டி கேக்குறாங்க.”

“எந்த மாட்டு வண்டி?”

“ஒண்ணுமில்லக்கா, சும்மா கேட்டேன்,” என்று மழுப்பினார். ஆனாடே வந்துவிட்டது. நான் விடவில்லை. அதட்டி, கெஞ்சி, மறுபடி அதட்டி விஷயத்தைப் பிடுங்கினேன். தேதி குறித்த மறுநாளே தேவராஜ் அவருக்குப் போன் செய்திருக்கிறார். ஒரு மாட்டு வண்டி எங்களுக்குப் பின்னால், ஒரு வளைவு தள்ளி, என் கண்ணில் படாமல் மணலில் வர வேண்டும். நடுவழியில் என் கால் மடங்கினால் ஏற்றிக்கொள்ள.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசியிருப்பேன். அதற்குள் அவர், “போன ஞாயித்துக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, வண்டி வேண்டாம், என் வீட்டுக்காரி நல்லா நடக்குறாங்கன்னு சொன்னார்,” என்றார்.

போன ஞாயிறு என்றால் காப்புக் கட்டிய அதே ராத்திரி. என்னோடு வராமல் இருக்கக் காப்புக் கட்டியவர், எனக்காக வைத்த வண்டியை எதற்கு நிறுத்துகிறார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். விரதத்துக்காக ஆலையில் லீவு போட்டிருந்தவர், குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாட்டு வண்டியாமே,” என்றேன்.

தலை நிமிரவில்லை. “வேண்டாம்னு சொல்லிட்டேனே.”

“ஏன் வெச்சீங்க, ஏன் வேண்டாம்னீங்க? இப்ப வாயைத் திறந்து பேசலேன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

குழாயை மூடினார். ஈரக் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரில உனக்கு ஆபரேஷன் நடக்குறப்ப வேண்டிக்கிட்டேன். இவ நல்லா நடந்தா பூ மிதிக்கிறேன்னு.”

“போன வருஷமே நடந்தேனே! அப்ப ஏன் மிதிக்கலை?”

“செவுத்தைப் புடிச்சிக்கிட்டு நடந்த. அதை நல்லா நடந்துட்டான்னு அம்மன்கிட்ட எப்படிச் சொல்றது? பொய் சொல்லிட்டு நெருப்புல எறங்க முடியுமா?” என்றார். “போன ஞாயிறு உங்களுக்குத் தெரியாம அடுத்த படகுல டாலாவுக்கு வந்தேன். ஜஸீலாவைத் திட்டிக்கிட்டே ஒரு வாய்க்காலைத் தாண்டுன. எதையும் புடிக்கலை. கீழ குனிஞ்சுகூடப் பாக்கலை. தாண்டிட்டு, திட்டுறதை விட்ட எடத்துலேருந்து திட்டுன. நேரா வந்து கோயில்ல காப்புக் கட்டிக்கிட்டேன்.”

அந்த வாய்க்கால் எனக்கு நினைவில்லை. திட்டியதுகூட நினைவில்லை.

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு?”

“நல்லா நடக்குறேன்னு சொன்னா, இத்தனை நாளும் நான் நம்பலேன்னு ஆயிடுமே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? “அடுத்த வருஷம் மிதிச்சா ஆவாதா? என்கூட ஓடைக்கு வந்து பாத்திருக்கலாமே!”

“நான் வந்தா பாம்பைப் பாக்க மாட்டேன் மஞ்சு. வழி முழுக்க உன் காலைத்தான் பாப்பேன். நீ திரும்பித் திரும்பி என்னை மொறைப்ப. ரெண்டு பேர்ல ஒருத்தர் விரியன் மேல கால் வெப்போம்.”

அது உண்மை. அது உண்மை என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அப்ப நானும் போவலை. என் காலுக்காக நீங்க நெருப்புல எறங்குறப்ப நான் கோயில்ல இருக்க வேண்டாமா?”

“நீ நாற்காலியில உக்காந்து பாக்குறதுக்கா நான் எறங்குறேன்? நீ அங்க நட. அதே நேரம் நான் இங்க மிதிக்கிறேன். அம்மன் ரெண்டையும் பாத்துக்கட்டும்.”

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

“ரொம்பப் பயமா இருக்கு,” என்றார். “நெருப்பை நெனைச்சு இல்ல.”

அவரைத் திட்ட இன்னும் எவ்வளவோ சேர்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். குழாயடியிலேயே, அவர் முன்னாலேயே, உட்கார்ந்து அழுதேன்.