ரொட்டிக்கு ஒரு பூச்சு

என் வீட்டுக்காரர் பூபதிராஜாவுக்கு மாந்தோப்பைத் தவிர வேறு பைத்தியம் கிடையாது என்று நம்பித்தான் நான் முதலமடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். போன மழைக்காலத்தில் தோப்பில் வேலை இல்லாமல் போனை நோண்டிக்கொண்டிருந்த மனிதர், திடீரென்று ஒரு ஓவன் வாங்கிவந்து ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டார். ருசியைக் குறை சொல்ல முடியாது. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். மேல்தோல் மட்டும் சுண்ணாம்படித்த சுவராக வெளுத்துக் கிடக்கும். பேக்கரி ரொட்டியின் பளபளப்பு வரவே வராது.

காரணம் அவருக்கே தெரியும். ஓவனில் வைக்கும் முன் முட்டையை அடித்து மேலே பூச வேண்டும். எங்கள் வீட்டுக்குள்ளோ முட்டை நுழையாது. கறியோ முட்டையோ, எல்லாம் கொல்லையில் இருக்கும் கொட்டகை அடுப்பில்தான். அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. தின்பதும் அங்கேயே. இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் இவரேதான். அதனால் ரொட்டிக்குப் பாலைத்தான் பூசுவார்.

இதற்கு நடுவில் எங்கள் மகள் யோகப்பிரியா, கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்க்கும் ஜிதினைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். சின்னக்கானல் பையன். தேயிலை எஸ்டேட் குடும்பம், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள். எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. சொந்தபந்தம் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தாலே மாவு பிசையப் போய்விடுவார். அப்பா வாயால் ஒரு வார்த்தை வராமல் கல்யாணமே வேண்டாம் என்று மகள் அழுதாள். அவள் அழ, இவர் பிசைய, நடுவில் நான் ரொட்டி தின்று பெருத்தேன்.

கடைசியில் பையனைப் பெற்றவர்களே நேரில் வந்து பேசுகிறோம் என்றார்கள்.

"வரச் சொல்லு" என்றார். அதோடு சரி.

அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் ஆளையும் காணோம், ஓவனையும் காணோம். கொல்லைக்குப் போய்ப் பார்த்தால், மோட்டார் ரூமிலிருந்து ஒயரை இழுத்துக் கொட்டகைக்குள் ஓவனை மாட்டி வைத்திருக்கிறார். கையில் ஒரு கிண்ணம். அதில் அடித்த முட்டை.

"ஏனுங்க, இதென்ன கூத்து?"

"சத்தம் போடாத புள்ள. அவிய பேக்கரி ரொட்டி தின்னு பழகுனவிய. வெளுத்ததக் கொண்டு போயி வெச்சா என்ன நெனப்பாங்க?"

"முட்டை ரொட்டிய ஊட்டுக்குள்ள எப்படிங்க கொண்டு போறது?"

"இங்கயே உக்கார வெக்கலாம். நல்லாக் காத்து வருது."

கொட்டகையை அவரே கூட்டி, நாற்காலி போட்டிருந்தார். பிரஷ்ஷில் முட்டையைத் தொட்டு, ரொட்டிக்கு வலிக்குமோ என்பதுபோல் தடவினார். இந்த மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே!

ஜிதினும் அவன் அப்பா ஏசுதாசும் அம்மா புஷ்பமேரியும் வந்து கொட்டகையில் உட்கார்ந்தார்கள். ரொட்டி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பொன்னாக மின்னியது. இவரே அறுத்து, முதல் துண்டைப் புஷ்பமேரியிடம் நீட்டினார். அந்தம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மேல முட்டை தடவிருக்கா?"

"ஆமாங்க!" இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நோம்புண்ணே. ஈஸ்டர் வரைக்கும் நாங்க முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடுறதில்ல."

"அவங்களுக்கு எப்படித் தெரியும், விடு" என்று ஏசுதாஸ் மனைவியை அடக்கினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவமானப்பட்டால் இவர் விறுவிறுவென்று தோப்புக்குள் போய்விடுவார், இருட்டினால்தான் திரும்புவார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். கொல்லை வாசற்படியில் நின்ற யோகப்பிரியா முகத்தில் ரத்தமே இல்லை.

எதிர்பார்த்தபடியே இவர் எழுந்தார். தோப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உள்ள இன்னொரு ரொட்டிக்கு மாவு பொங்கியிருக்குது. தகரத்தோட எடுத்துட்டு வா. பாலும் கொண்டா."

கொண்டுவந்தேன். பிரஷ் முட்டையில் தோய்ந்திருந்ததால், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்கும் கத்திரிக்காய்க் காம்பையும் எடுத்து வந்தேன். அவரிடம் நீட்டினால் வாங்கவில்லை.

"என்ற கையில முட்டை பட்டிருக்குது."

"சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"கழுவுனா மட்டும்? நோம்பு நோம்புதான்." காவல்காரர் சட்டத்தை விடுவாரா? சுற்றிப் பார்த்தார். கண் ஜிதின் மேல் நின்றது.

"மாப்ளே, நீங்க வந்து தடவுங்க."

ஜிதின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அதுவே சாய்ந்துவிட்டது. பாதிப் பாலைச் சட்டையிலும் மீதியை ரொட்டியிலும் தடவினான். இவர் பக்கத்தில் நின்று, "ஓரத்துல விடாதீங்க, ஓரத்துல" என்று அதட்டிக்கொண்டிருந்தார். புஷ்பமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யோகப்பிரியா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா என்ன சொன்னாரு?"

"காதுல உழுகலையா?"

"உழுந்துச்சு. இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்கம்மா."

"ஏனுங்க," என்றேன் உரக்க, "அங்க யாரு பால் தடவறது?"

"மாப்ளைதான்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "நீ போயி வேற கத்தி எடுத்துட்டு வா. இதுல முட்டை இருக்குது."

ரொட்டி வழக்கம்போல வெளுத்துத்தான் வந்தது. புஷ்பமேரி இரண்டாம் துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் அழுதுகொண்டே தின்றாள். நானும்தான்.