காலி வரிசையில் ஒரு பட்டை

நான்காவது வரிசை வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு கறுப்புப் பட்டை எழுந்துகொண்டிருந்தது.

எங்கள் வேலை இதுதான். நாங்கள் வடிவமைத்த புரதத்தின் மரபணுவைச் செல்களுக்குள் செலுத்துவோம். புரதத்தின் முனையில் ஒரு சிறு வாலைத் தைத்திருப்போம். பிறகு செல்களை உடைத்து, உள்ளிருப்பதை எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வில் பதித்து, ஆன்டிபாடி ஊற்றுவோம். அது அந்த வாலை மட்டும் பிடிக்கும். பிடித்த இடம் படத்தில் கறுக்கும். பக்கத்திலேயே எதுவும் செலுத்தாத காலிச் செல்களுக்கும் ஒரு வரிசை உண்டு; நான்காவது அதுதான். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால்தான் மற்றதை நம்பலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியரிடம் என் புரதத்தைக் காட்டாவிட்டால் இந்த எண்டெபே ஆய்வகத்தில் எனக்கு வேலை நீட்டிப்பு இல்லை. அன்று புதன்.

“உன் புரதம் பக்கத்து வரிசைக்கு வழிஞ்சிருக்கும், ம்பாபஸி” என்றார் செகிட்டோ. செல்களை வளர்ப்பவர் அவர்தான்.

“என்னுது எடை முப்பத்தொண்ணு. இது நாப்பத்தெட்டுல நிக்குது.”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் ஆய்வகத்தில் அதே வாலோடு நாற்பத்தெட்டைத் தேடியவள் ஒருத்திதான்: நன்யோங்கா. பிப்ரவரியில் சாலை விபத்தில் இறந்துபோனாள். அவள் நோட்டின் கடைசி வரி: ‘பட்டை இல்லை. மறுபடியும்.’

“அவ செல்லை என்ன செஞ்சீங்க, செபோ?” என்றேன். ‘ஐயா’ என்பதற்கு இங்கே அப்படித்தான்.

“பட்டையே வரலையே! புதுசுக்கு எங்க போறது? ‘காலி’ன்னு எழுதி உறைய வச்சேன். நீ கேட்டப்ப எடுத்து வளர்த்தேன்.”

“மருந்து கலந்த திரவத்துலயா?”

“எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்தானே. முக்காவாசி செத்துச்சு. மிச்சத்தைப் பிள்ளை மாதிரி காப்பாத்தினேன், தெரியுமா?”

மரபணு ஏறாத செல்களைத்தான் அந்த மருந்து கொல்லும். பிழைத்தவை எவை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய மரபணு தங்கிய ஏதோ சில செல்கள், கண்ணுக்கு எட்டாத அளவில் அன்றே இருந்திருக்கின்றன. மற்றவை செத்த இடத்தில் அவை பெருகி, குடுவையை நிரப்பியிருக்கின்றன. அவள் மண்ணுக்குள் இருக்க, அவள் தேடியது முப்பத்தேழு டிகிரிக் கதகதப்பில் விளைந்துகொண்டிருந்தது.

“அந்த வரிசைய வெட்டிட்டுக் காட்டு. யாருக்குத் தெரியும்? செத்தவளா வந்து கேக்கப்போறா?”

சொன்னவரே செல்கள் வளரும் இன்குபேட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வரிசையை வெட்டாமல் இரண்டு படங்கள் அச்சிட்டேன். ஒன்று பேராசிரியருக்கு, அதோடு என் வெள்ளிக்கிழமை போயிற்று. மற்றதை அவள் நோட்டில், ‘மறுபடியும்’ என்பதன் கீழே ஒட்டினேன். பிறகு குடுவையில் ‘காலி’யை அடித்து அவள் பெயரை எழுதி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

செல்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.