சம்பந்தி கேட்ட பசளை

பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஏரம்பர் முதலில் யோசித்தது கோழிகளை எங்கே ஒளிப்பது என்பதைத்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க யோசிக்கவில்லை. இடிந்து கிடந்த கிணற்றுக்கட்டைத் திருத்த யோசிக்கவில்லை. இருபத்தாறு வயதாகியும் காதில் ஒரு நல்ல தோடில்லாமல் நின்ற மகள் கமலாவதியையும் யோசிக்கவில்லை. கோழிகள்தான் அவருக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டன.

மாப்பிள்ளையின் தகப்பன் சீவரத்தினத்தார் தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு மனேச்சர். வீட்டில் மீன் மணமே கிடையாதாம். முட்டைக் கத்தரிக்காயைக் கூட அங்கே வெள்ளைக் கத்தரிக்காய் என்றுதான் சொல்வார்களாம். கோழி நடந்த மண்ணில் கால் பட்டால் மனேச்சரின் மனைவி ஞானாம்பிகை தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாவாம். கலியாணத் தரகர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல ஏரம்பர் பயபக்தியோடு தலையாட்டினார். அவர் கையில் அப்போதும் கமலாவதி அடித்துக் கொடுத்த முட்டைக் கோப்பி இருந்தது. குடித்து முடித்து, மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டு, "நாங்களும் அப்பிடித்தான்" என்றார்.

அடுப்படியில் நின்ற கமலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

அந்த வீட்டு வளவில் நின்ற இருபத்துமூன்று பேடுகளும் இரண்டு சேவல்களும் அவள் வளர்த்தவை. ஆறு வருடத்துக்கு முன்னர் வேலிக்கு அங்காலை இருக்கிற கிறிஸ்தவப் பெண் சின்னத்தங்கம் கொடுத்த ஒரு சோடிக் குஞ்சில் தொடங்கியது. அப்போது ஏரம்பர், "பொம்பிளைப்பிள்ளைக்கு உது என்ன வேலை?" என்று முகத்தைச் சுளித்தார். கமலாவதி தினமும் விடிய எழும்பிக் கூட்டுக்குக் கீழே கிடக்கும் எச்சத்தைச் சிரட்டையால் வழித்துக் குழியில் போடுவாள். அடுப்புச் சாம்பலும் காய்ந்த பூவரசஞ் சருகும் மேலே தூவி, தண்ணீர் தெளித்து, ஓலையால் மூடி மூன்று மாதம் விடுவாள். பிறகு திறந்தால் மணமிராது. தேயிலைத்தூள் போலக் கறுப்பாக, கையில் ஒட்டாமல் உதிரும். முதல் வருடம் பச்சையாகவே அள்ளிப் போட்டு ஒரு நிரை மிளகாயைக் கருக்கியவள் அவள். யாரும் சொல்லித் தரவில்லை. செத்த கன்றுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

உலகச் சண்டை தொடங்கிக் கப்பலில் வந்த பசளை நின்றபோது ஊரில் எல்லாத் தோட்டங்களும் மஞ்சளடித்தன. ஏரம்பரின் தோட்டம் மட்டும் கறுத்துச் செழித்தது. சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்து வாய் பிளந்தவர்களிடம் ஏரம்பர், "என்ரை கைராசி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெண் பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. நிலம் வெளிக்கும் முன்னரே, கோழிகள் கூட்டை விட்டு இறங்காத நேரம் பார்த்து, ஏரம்பர் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துச் சாக்கில் போட்டார். வேலியிலிருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் சின்னத்தங்கம் வாங்கி வாங்கித் தன் வளவில் அடுக்கினாள். கமலாவதி கை கொடுக்கவில்லை. அடுப்படி மூலையில் பனையோலைக் கடகத்துக்குள் அடைகிடந்த புள்ளிப் பேட்டை அவர் தூக்க வந்தபோதுதான் குறுக்கே நின்றாள்.

"அதை விடுங்கோ அப்பு. பதினொரு முட்டை. நாலு நாளிலை பொரிச்சிடும்."

"வந்த ஆக்கள் நிக்கேக்கை இது கத்திச்சுதெண்டால்?"

"அடைக்கோழி ஏன் கத்துது? சும்மா படுத்திருக்கும்."

"மனேச்சர்டை மனிசிக்கு மூக்கு நல்ல கூராம் பிள்ளை. உன்ரை நன்மைக்குத்தானே சொல்லுறன்."

புள்ளிப் பேடும் சாக்குக்குள் போனது. தாய் பராசக்தி முற்றத்துக்குச் சாணித் தண்ணீர் தெளித்தாள். ஏரம்பர் வெறும் கோழிக்கூட்டை விறகால் மறைத்து, அதைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினார். கோழிக்கூட்டுக்குச் சாம்பிராணி காட்டிய சைவர் யாழ்ப்பாணத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று கமலாவதி நினைத்தாள். முட்டைகளைப் பழைய சேலையால் சுற்றி அடுப்போரம் வைத்தாள். அது எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்பது அவளுக்கே தெரியவில்லை.

பெற்றோல் தட்டுப்பாடு என்பதால் அவர்கள் வில்லுவண்டியில் வந்து இறங்கினார்கள். சீவரத்தினத்தார் நெற்றி நிறைய விபூதியோடு, சால்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். ஞானாம்பிகை இறங்கும்போதே கூறைச்சேலை போன்ற ஒரு கனத்த பட்டைக் கரண்டைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்குபவள் போல அடியெடுத்து வைத்தாள். மாப்பிள்ளை தேவராசாவுக்குக் கொழும்பில் குமாஸ்தா வேலை, அவர்கள் சொல்லில் கிளறிக்கல் உத்தியோகம். வந்து உட்கார்ந்ததிலிருந்து கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலாவதி கோப்பித் தட்டத்தோடு வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டான், அதுவும் ஏரம்பரைப் பார்த்து:

"இஞ்சை தபால் எத்தினை மணிக்கு வரும்?"

ஞானாம்பிகை கோப்பியைக் கையில் வாங்கவில்லை. மூக்கைச் சற்று உயர்த்தி இரண்டு தரம் உறிஞ்சினாள்.

"உங்கடை பக்கத்திலை கோழி வளர்க்கிற ஆக்கள் இருக்கினமோ?"

"சிவ சிவா! வேலிக்கு அங்காலை ஒரு வேதக்காரி இருக்கிறாள். எவ்வளவு சொல்லியும் கேக்கிறாளில்லை. அவளின்ரை கோழியாலை எங்களுக்கும் ஒரே அரியண்டம்" என்றார் ஏரம்பர்.

அந்த வேதக்காரி அப்போது அவருடைய கோழிகளைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தாள். கமலாவதி தட்டத்தை மேசையில் வைத்த சத்தத்தில் தாய் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

பிறகு சீவரத்தினத்தார், சீதனமாக எழுதப்போகும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஏரம்பர் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கமலாவதி அடுப்படிக்குப் போய் முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தன. யார் என்ன நினைத்தாலும் புள்ளிப் பேட்டைக் கொண்டுவந்துவிடுவது என்று பின்கதவால் இறங்கி வேலியடிக்கு நடந்தாள். வாழைப் புதரைத் தாண்டும்போது அந்தப் பக்கத்தில் பேச்சுக் கேட்டது. நின்றாள்.

சீவரத்தினத்தார் கத்தரிப் பாத்தியில் குந்தியிருந்து, ஒரு பிடி மண்ணைக் கிள்ளி மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏரம்பர், உது மாட்டெரு இல்லை."

"மாட்டெருதான் மனேச்சர்..."

"எனக்குத் தோட்டம் தெரியாதெண்டு நினையாதேங்கோ. உந்தக் கறுப்பு மாட்டெருவுக்கு வராது. உது கோழிப்பசளை."

மனேச்சர், வீடு இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்பிடாதேங்கோ. என்ரை புகையிலை இந்தமுறை சோகை பிடிச்சு நிக்குது. கப்பல் பசளை இனி எப்ப வருமோ ஆருக்குத் தெரியும்? நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. கோழி உங்கடை வளவிலை நிக்கக்கூடாது. நிண்டால் என்ரை மனிசி உங்கடை வாசல் படலை தாண்டாள். அந்த வேதக்காரியின்ரை வளவிலை, அவளின்ரை பேரிலை நிக்கட்டும். பிள்ளை வேலிக்குள்ளாலை போய்ப் பாத்துக்கொள்ளட்டும். எனக்கு மாதம் ரண்டு சாக்கு வந்தால் போதும். பின் ஒழுங்கையாலை, மேலை வைக்கல் மூடி."

"ஓம், ஓம். அதுக்கென்ன!" ஏரம்பரின் முகம் மலர்ந்துவிட்டது. "உறுதிப் பத்திரத்திலை எழுதவேணுமோ?"

"சீதன உறுதியிலை கோழிப்பசளையோ? உமக்கென்ன விசரோ? வாய்ப்பேச்சாய் இருக்கட்டும். ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது."

ஏரம்பர் அதற்கும் தலையாட்டினார். வாழைப் புதருக்குப் பின்னால் நின்ற கமலாவதிக்குக் காது சுட்டது. வழித்து அள்ளப்போவது அவள். குழி மூடப்போவது அவள். கோழி மட்டும் இன்னொருத்தியின் பேரில். சுத்தமெல்லாம் மனேச்சருக்கு, எச்சம் அவளுக்கு! இவர்களுக்குக் கோழியில் அருவருப்பே இல்லை. அருவருப்புக்கு ஒரு ஆள்தான் தேவைப்படுகிறது. மனேச்சர் மேல் வந்த வெறுப்பை விடத் தகப்பன் மேல் வந்ததுதான் அதிகம். பேரம் படிந்த சந்தோசத்தில் அவர் மனேச்சருக்கு முன்னால் இரண்டு முழுக் கத்தரிக்காய்களைப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் புள்ளிப் பேட்டை மறந்தாள். மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஒரு சாக்கை எடுத்தாள். மூன்று மாதம் ஆறிய குழியைத் திறக்கவில்லை. கூட்டை மறைத்திருந்த விறகைத் தள்ளிவிட்டு, பெண் பார்க்கும் அமளியில் இரண்டு நாளாக வழிக்காமல் கிடந்த பச்சை எச்சத்தைச் சிரட்டை சிரட்டையாக அள்ளி நிரப்பினாள். தொண்டையைப் பிடிக்கும் காரம் எழும்பியது. சாக்கு முக்கால்வாசி நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தாள்.

எல்லாரும் புறப்பட்டு வண்டியடிக்கு வந்திருந்தார்கள். ஞானாம்பிகை ஏறி உட்கார்ந்துவிட்டாள். கமலாவதி நேரே போய்ச் சாக்கை வண்டிக்குள், பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதென்ன? இதென்ன மணம்?" ஞானாம்பிகை மூக்கைப் பொத்தினாள்.

"கோழிப்பசளை மாமி. மாமா கேட்டவர். மாதம் ரண்டு சாக்கு வேணுமாம். இது முதல் சாக்கு."

தேவராசாவுக்குச் சிரிப்பு வெடித்து வந்தது. தாய் திரும்பிப் பார்த்ததும் அதை அப்படியே இருமலாக மாற்றி, கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டான்.

"நானோ? நானோ கேட்டனான்?" சீவரத்தினத்தார் நெஞ்சில் கை வைத்தார். "சிவ சிவா! என்ன பிள்ளை உது, வாய் கூசாமல் கதைக்கிறாய்?"

"அப்பு, நான் பொய்யோ சொல்லுறன்?"

ஏரம்பர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற சின்னத்தங்கத்தின் குரல் வேலிக்கு மேலால் வந்தது.

"ஏரம்பண்ணை! உங்கடை சேவல் சாக்கைக் கிழிச்சுப்போட்டுது. நான் ஒரு அரியண்டம் பிடிச்ச வேதக்காரி, எனக்குப் பிடிக்கத் தெரியாது. நீங்களே வந்து பிடியுங்கோ!"

ஞானாம்பிகை போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. வண்டி ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது அவள் சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள். அது உருண்டு பனங்கன்றுகளுக்கு நடுவே விழுந்தது. சீவரத்தினத்தார் தலையை நீட்டி அது விழுந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஏரம்பர் இரண்டு கிழமையாக மகளோடு பேசவில்லை. கமலாவதிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. புள்ளிப் பேட்டைக் கொண்டுவந்து கடகத்தில் விட்டாள். அது முட்டையைக் காலால் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டது. ஐந்தாம் நாள் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். உள்ளே மயிர் முளைத்த குஞ்சு, கழுத்தை மடித்தபடி செத்துக் கிடந்தது. பதினொன்றையும் கத்தரிக்குக் கீழே குழி கிண்டித் தாட்டுவிட்டு, மண் ஒட்டிய கையோடு அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்காக அவள் சிந்தாத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

ஊர் அவளுக்குக் கோழிக்காரி என்று பட்டம் வைத்தது. கோயிலடியில் பெண்கள் அவளைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிச் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் வாரம் தவறாமல் பின் ஒழுங்கையால் முட்டை வாங்க வருபவர்கள். வரும்போது மூக்கை மூடுவதில்லை.

ஒரு மாதம் கழித்துத் தரகர் வந்தார். முகத்தில் ஒரு சங்கடமான சிரிப்பு. மனேச்சர் அன்றைக்கே ஆளனுப்பி அந்தச் சாக்கை ஒழுங்கை முடக்கிலிருந்து எடுப்பித்தாராம். பச்சைப் பசளையை அப்படியே மிளகாய் நாற்றுமேடையில் கொட்டித் தண்ணீர் விட வைத்தாராம். நாலாம் நாள் நாற்றெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகிவிட்டதாம். கண்ணூறு என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்.

"அவை பெருந்தன்மையான ஆக்கள் ஏரம்பர்" என்றார் தரகர். "நடந்ததை மறந்துவிடலாம் எண்டு சொல்லுகினம். பிள்ளையையும் ஏற்கிறதாம். ஒண்டுதான்... அந்தப் பசளையை என்ன பக்குவத்திலை போடுறதெண்டு பிள்ளையிட்டைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்."

கமலாவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் இதற்கும் தலையாட்டுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

ஏரம்பர் தலையாட்டவில்லை. சுருட்டைக் கீழே வைத்தார்.

"என்ரை பிள்ளையை ஏற்கிறதோ? கருகின நாற்றுக்கு வைத்தியம் பாக்கவோ? போய்ச் சொல்லும் உம்மடை மனேச்சருக்கு. வேணுமெண்டால் ஒரு சேவலுக்கு என்ரை பேடொண்டைப் பொம்பிளை கேட்டு வரச் சொல்லும். அதுக்குச் சம்மதிக்கிறன்."

தரகர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கமலாவதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தகப்பனுக்கு முன்னால் சிரிக்கவில்லை. ஒருநாள் வீரத்துக்காகப் பதினொரு குஞ்சை மறக்க அவள் ஆயத்தமில்லை.

"அப்பு, நாளைக்குக் குழி கிண்ட அலவாங்கு எடுக்கவேணும்" என்றாள். "கோழிக்கூட்டைப் பின்னாலையிருந்து பிடுங்கிப் படலையடிக்குக் கொண்டுவரப் போறன். இனி ஆர் வந்தாலும் முதல் அதைப் பாத்துப்போட்டு உள்ளுக்கு வரட்டும்."

"படலையடியிலையோ? ரோட்டாலை போற சனம்..." என்று ஏரம்பர் தொடங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்னர் படலைக்குப் பக்கத்தில் நாலு குழி கிண்டினார்கள். ஏரம்பர் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தார். கமலாவதி பூவரசங் கதியால் தடிகளை நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து, எச்சம் ஒட்டிய கையால் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, "முட்டை வேணுமெண்டால் இனிப் பின்பக்கத்தாலை வரத்தேவையில்லை, இஞ்சாலையே வாங்கோ" என்று உரக்கச் சொன்னாள்.