துபாயிலிருந்து வந்த கேசட்

உமருக்குக் காலையிலிருந்தே கோபம் தலைக்கேறிக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர், கேசட் முக்கால்வாசி ஓடும் வரைக்கும் சமர்த்தாக வரும். அங்கே வந்ததும் நின்றுவிடும். டி.வி. திரையில் ‘எரர்’ என்று ஒரே ஒரு சொல். என்ன எரர், எங்கே எரர் என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்?

துபாயில் அவன் வேலை பார்த்த இடத்தில் கழித்துப்போட்ட பழைய மிஷின் அது. சுவிட்சைப் போட்டதும் அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் டேப்ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு ஊட்ட வேண்டும். அதனோடு வந்த கேசட்டை ஏற்றினாலோ, உள்ளே இருக்கிற கொஞ்ச இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். கூட வேலை பார்த்த ராஜேந்திரன்தான் வேண்டாததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, சிறியதாக ஒன்றை எழுதி வேறு கேசட்டில் பதிந்து கொடுத்தான். கொடுத்த கையோடு சவுதிக்குப் போய்விட்டான். விலாசம்கூட இல்லை.

பழவேற்காட்டில் இறால் கம்பெனி வைத்திருக்கும் ஷாகுல் ஹமீது பாய், தோணிரேவு, பசியாவரம் குப்பத்துப் படகுகளின் இறால் கணக்கை இந்த மிஷின் போட்டுக்காட்டினால் உமருக்குத் தன்னிடமே வேலை என்று சொல்லியிருந்தார். இன்று ஜும்மா தொழுகை முடிந்து நேரே இங்கேதான் வருகிறார். காட்டாவிட்டால் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம், மறுபடியும் துபாய். மனைவி மரியம் பீவியோடு முகம் பார்த்துப் பேசியதைவிட, கேசட்டில் பேசி அனுப்பியதுதான் அவன் வாழ்க்கையில் அதிகம். அந்த வாழ்க்கை அவனுக்கு அலுத்துவிட்டது.

முதலில் கரண்டைத் திட்டினான். பிறகு உப்புக்காற்றைத் திட்டினான். டேப்ரிக்கார்டரின் ஹெட்டை யூடிகோலன் தொட்டுத் துடைத்தான். வீடு மணத்தது, மிஷின் அசையவில்லை. மரியம் டீ கொண்டுவந்தபோது, அவள் நடந்த அதிர்வில்தான் நின்றுபோயிற்று என்று அவள்மேல் எரிந்து விழுந்தான். அவள் டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கிறதே என்று அவன் யோசித்திருக்கலாம். கோபத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

ஹமீது பாய் வந்து உட்கார்ந்தார். கேசட் சுற்றுவதையும் திரை சும்மா இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். டேப்ரிக்கார்டர் ஓடுகிறது, சத்தமே இல்லையே என்று கேட்டார். வயர் செருகியிருந்தால் சத்தம் வெளியே வராது, உள்ளேதான் போகும் என்று உமர் விளக்கினான். அதற்குள் திரையில் மறுபடியும் ‘எரர்’.

“உள்ள இன்னாதான் போவுதுனு கேப்போம்,” என்று பாய் வயரைப் பிடுங்கிவிட்டார்.

இரைச்சல் வரும் என்று உமர் காதைப் பொத்தப்போனான். வந்தது மரியத்தின் குரல்.

“...உங்க கேசட்டு வந்துச்சு. கீச்சு கீச்சுனு சத்தம்தான் கீது, நீங்க பேசனது ஒண்ணும் கேக்கல. இனிமே கேசட்டு அனுப்ப வாணாம். நீங்களே வந்துடுங்க. இங்க கெடைக்கிறத வச்சி இருந்துக்கலாம்...”

வந்த கேசட்டைக் கேட்டுவிட்டு அதிலேயே பதில் பேசி, துபாய் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். மிஷினையும் கேசட்டையும் உமர் ஊர்க்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தான்; அது கடிதம் இல்லை என்று சொல்லியனுப்பத்தான் மறந்துபோனான். மரியம் முக்கால்வாசி கேட்டுப் பார்த்து, பேச்சே வராததால் அங்கிருந்தே பதில் பேசிவிட்டாள். பதிலை எடுத்துப்போக ஆள் கிடைப்பதற்குள் அவனே லீவில் வந்துவிட்டான். அவளும் கேசட்டை எடுத்த பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

பாய் தரையைப் பார்த்தபடி எழுந்தார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இறால் காத்திருக்காது, அவரும் காத்திருக்கமாட்டார் என்பது உமருக்குத் தெரியும்.

மரியம் கதவோரம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“நான் பேசனத அழிச்சுட்டா அந்தச் சத்தம் திரும்ப வராதாங்க?”

“வராது.”

கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? வராதே என்று சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பான். வந்துவிடு என்று கூப்பிட்ட குரலே அல்லவா அவனைத் திரும்பத் துபாய்க்கு அனுப்பிவைக்கிறது? கேசட்டை வெளியே எடுத்துத் தன் சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே வைத்தான்.

“அடுத்த தடவ பதில் பேச புதுக் கேசட்டு வாங்கிக்கோ,” என்றான்.